பழைய எஸ்யூவி வாங்குவோருக்கு: டைமிங் செயின் நோக்கில் சில எஞ்சின்களின் மதிப்பீடு

பயன்படுத்திய எஸ்யூவி ஒன்றை வாங்க முனைவோர், இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை விலை பேசத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டைமிங் செயின் எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறதா, கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. எஞ்சின் ஆயில் உண்மையில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்டது என்பது இரண்டாவது. பெயிண்ட், டயர், சீட், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் குறைகள் வெளியே தெரிந்துவிடும். அவற்றைத் தவணை தவணையாகச் சரிசெய்துகொள்ளவும் முடியும். டைமிங் செயின் மூடிய கவருக்குள் ஓடுவது. அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ, பெரும்பாலான நவீன எஞ்சின்களில் அதே நொடியில் எஞ்சினே போய்விடும். “பெல்ட் இல்லை, செயின்தான், வண்டி ஆயுளுக்கும் தொட வேண்டாம்” என்று விற்பவர்கள் சொல்வது சில எஞ்சின்களுக்குப் பொருந்தும், சிலவற்றுக்கு அறவே பொருந்தாது. எவற்றுக்குப் பொருந்தும் என்பதைப் பற்றியே இந்த மதிப்பீடு.

செயின் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும்; இந்த ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் செயினின் பொறுப்பு. ஒழுங்கு குலைந்தால் திறந்திருக்கும் வால்வின் மீது பிஸ்டன் வந்து மோதும். செயின் ‘நீண்டுவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்லும்போது இரும்பு இழுபட்டு நீள்வதில்லை; ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள சிறு ஆணியான ‘பின்’னும் அதைச் சுற்றிய உறையான புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. ஒரு கண்ணியில் 0.02 மில்லிமீட்டர் மட்டுமே தேய்ந்தாலும், 150 கண்ணிகள் கொண்ட செயினில் அது 3 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். அந்தத் தொய்வை இழுத்துப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர்; செயினைத் தடம் மாறாமல் நடத்துவது பிளாஸ்டிக் முகம் கொண்ட கைடு. நடைமுறையில் செயினை விட முன்னதாகக் கெடுவது பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கிறது.

செயின், டென்ஷனர், கைடு மூன்றுமே ஆயிலை நம்பி வாழ்பவை. டீசல் எஞ்சின்களிலும் நேரடி எரிபொருள் தெளிப்பு கொண்ட பெட்ரோல் எஞ்சின்களிலும் கரித்துகள் ஆயிலில் கலக்கிறது; அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே புகுந்து மிக நுண்ணிய உப்புத்தாளைப் போலத் தேய்க்கிறது. ஆயில் அளவு குறைந்த நிலையில் ஓட்டினால் டென்ஷனருக்குப் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை. ஆகவே ஒரே மாடலின் இரண்டு வண்டிகளில், ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டு அதிக தூரம் ஓடியதையே, குறைவாக ஓடி ஆயில் கவனிக்கப்படாத மற்றொன்றை விட நான் விரும்பி எடுப்பேன். குறைந்த கிலோமீட்டர் என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்கள் இந்த விஷயத்தில் வாங்குபவரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன.

இனி எஞ்சின்களுக்கு வருகிறேன். முதலில், நான் அச்சமின்றிப் பரிந்துரைக்கும் ஒன்று. டொயோட்டாவின் 4.0 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், 1ஜிஆர்-எஃப்இ என்ற குறியீடு கொண்டது. பிராடோ, ஃபோர்ரன்னர், எஃப்ஜே குரூசர் ஆகியவற்றில் வந்தது. செயின் முன்பக்கம் இருக்கிறது, எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படாததால் ஆயிலில் கரி சேர்வது குறைவு, டர்போ கிடையாது. எரிபொருளை நிறையக் குடிக்கும் எஞ்சின் என்ற உண்மையை மறைக்க முடியாது. ஆனால் செயினைப் பொறுத்தவரை, ஆயில் மாற்றப்பட்டதற்குச் சான்றுள்ள ஒரு 1ஜிஆர் வண்டியில் அதற்காகத் தனியே பணம் ஒதுக்கிவைக்க வேண்டிய தேவையை நான் காணவில்லை. டைமிங் கவரைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்கு நேரெதிர் முனையில் வைக்க வேண்டியது பிஎம்டபிள்யூவின் 2.0 லிட்டர் டீசல் எஞ்சினான என்47. 2007ஆம் ஆண்டு அறிமுகமான இந்த எஞ்சின் எக்ஸ்1, எக்ஸ்3 ஆகியவற்றில் பொருத்தப்பட்டது. ஓட்டுவதற்கு அருமையானது, சிக்கனமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் டைமிங் செயின் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஃப்ளைவீல் பக்கத்தில் இருக்கிறது. செயினை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும். ஆரம்பகால எஞ்சின்களில் செயினும் கைடும் மிக விரைவில் தேய்ந்தன என்பது பரவலாக அறியப்பட்ட குறை. அதைவிடக் கொடுமையானது, செயினை ஓட்டும் கீழ்ப் பல்சக்கரம் கிராங்க்ஷாஃப்டோடு ஒரே துண்டாக அமைந்திருப்பது. அந்தப் பற்கள் தேய்ந்திருந்தால் புதுச் செயின் போட்டும் பயனில்லை. கிராங்க்ஷாஃப்டையே மாற்றும் நிலை வரும். ஒரு சிறிய உதிரிப்பாகத்தின் தேய்மானம் எஞ்சினின் முதுகெலும்பையே மாற்றவைக்கும்படி வடிவமைத்தது, இரண்டாவது மூன்றாவது உரிமையாளரின் தலையில் கட்டிய சுமை என்றே நான் கருதுகிறேன். செயின் வேலை முழுமையாக முடிந்ததற்கான பில் கையில் இருந்தால் மட்டுமே இந்த எஞ்சின் கொண்ட ஆரம்பகால எக்ஸ்1, எக்ஸ்3 வண்டிகளைப் பரிசீலிக்கலாம்.

லேண்ட் ரோவரின் 2.0 லிட்டர் இன்ஜீனியம் டீசலிலும் செயின் பின்பக்கமே இருக்கிறது. டிஸ்கவரி ஸ்போர்ட், ரேஞ்ச் ரோவர் எவோக் ஆகியவற்றில் இது வந்தது. இதன் சிக்கல் இன்னொரு வழியில் வருகிறது. புகைவடிகட்டியைச் சுத்தப்படுத்த எஞ்சின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று தொடங்குவதால் இது அதிகம் நடக்கும். நீர்த்த ஆயிலில் செயின் வேகமாகத் தேய்கிறது. நீண்ட பயணங்களில் ஓடிய வண்டி, ஆயில் உரிய காலத்துக்கு முன்பே மாற்றப்பட்ட வண்டி என்ற இரண்டும் உறுதியானால் பரிசீலிக்கலாம். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய, “கிலோமீட்டரே ஓடவில்லை” என்று சொல்லி விற்கப்படும் இன்ஜீனியம் டீசலைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினான இஏ888 சற்று விரிவாகப் பேசப்பட வேண்டியது. முதல் தலைமுறை டிகுவானும் ஆடி க்யூ5-வும் பழைய வண்டிச் சந்தையில் கவர்ச்சியான விலைக்குக் கிடைப்பதே காரணம். இதன் செயின் நல்ல வேளையாக முன்பக்கம் இருக்கிறது. குறை டென்ஷனரில். 2008 முதல் 2012 வரையிலான ஆண்டுகளின் எஞ்சின்களில் வந்த டென்ஷனரில், அதற்குள் இருக்கும் சிறு பிஸ்டன் பின்னோக்கி நழுவாமல் தடுக்கும் பூட்டு போதிய வலுவுடன் இல்லை. எஞ்சின் நின்றதும் ஆயில் அழுத்தம் போய்விடுகிறது. அந்த நிலையில் பூட்டும் கைவிட்டால் செயின் தொய்ந்து, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பல் தாண்டுகிறது. சரிவில் கியரில் மட்டும் நிறுத்தினால் வண்டியின் எடை எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பக்கூடும் என்பதால், இந்த எஞ்சின்களில் ஹேண்ட்பிரேக்கை முழுதாகப் போடச் சொல்லும் மெக்கானிக்கின் அறிவுரையில் பொருளுண்டு. இது தொடர்பாக அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. டென்ஷனரும் பின்னர் மாற்றி வடிவமைக்கப்பட்டது.

இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு. கீழ் டைமிங் கவரில் ஒரு சிறிய அடைப்பு இருக்கிறது. அதைக் கழற்றி, விளக்கும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் டென்ஷனரின் முகம் தெரியும். பழைய வடிவமா, திருத்திய வடிவமா என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம். திருத்திய டென்ஷனர் என்றால், பிஸ்டனில் எத்தனை வரிப் பற்கள் வெளியே வந்திருக்கின்றன என்று எண்ணி, செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் கணிக்கலாம். வெளியே வந்த பற்கள் கூடக் கூட, மிச்சமிருக்கும் ஆயுள் குறைவு. கவரைத் திறக்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ள வழிவிடும் எஞ்சின்கள் மிகச் சில. இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் டிகுவானோ க்யூ5-வோ வாங்க வேண்டாம். திருத்திய டென்ஷனர் போட்டிருந்தால், இந்த வண்டிகளின் செயினைப் பற்றிய அச்சம் பெருமளவு நீங்கிவிடுகிறது. அப்போது கேட்க வேண்டியது ஆயில் எவ்வளவு செலவாகிறது என்ற கேள்வியே, ஏனெனில் அதே காலத்து இஏ888 எஞ்சின்கள் ஆயிலைக் குடிப்பதிலும் பேர்பெற்றவை.

அமெரிக்க எஸ்யூவிகளின் எஞ்சின்களில் மூன்றைச் சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6, ஷெவர்லே டிராவர்ஸ், ஜிஎம்சி அகாடியா, பியூக் என்கிளேவ் ஆகியவற்றில் வந்தது. இதில் ஒரு முதன்மைச் செயினும் இரண்டு துணைச் செயின்களும் ஓடுகின்றன. ஆரம்ப ஆண்டுகளின் எஞ்சின்களில் அவை முன்கூட்டியே தேய்ந்தன. ஆயில் மாற்றச் சொல்லும் மின்னணு நினைவூட்டியின் இடைவெளியைப் பின்னர் நிறுவனமே மென்பொருள் வழியாகக் குறைத்தது. செயினுக்கும் ஆயிலுக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. பழைய நினைவூட்டியை நம்பி ஆயில் மாற்றி ஓட்டிய உரிமையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அவருடைய வண்டியின் செயின் தேய்ந்திருக்கக்கூடும்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் 1997 முதல் 2010 வரை வந்த 4.0 லிட்டர் எஸ்ஓஎச்சி வி6 எஞ்சினில் ஒரு துணைச் செயின் முன்பக்கமும் மற்றொன்று பின்பக்கமும் இருக்கின்றன. பிளாஸ்டிக் கைடு உடைவது இதன் பிறவிக் குணம். பின்பக்கத்துச் செயினுக்கு எஞ்சினை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், செலவு பல நேரங்களில் வண்டியின் மதிப்பையே எட்டிவிடும். முன்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுச் “செயின் வேலை முடிந்தது” என்று சொல்லப்படும் வண்டிகளும் இருப்பதால், பில்லில் பின்பக்கத்துப் பாகங்களும் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். 2011க்குப் பிந்தைய எக்ஸ்ப்ளோரரின் 3.5 லிட்டர் வி6 எஞ்சினில் செயின் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் தண்ணீர் பம்ப் டைமிங் கவருக்குள் வைக்கப்பட்டு, அதே செயினால் சுழற்றப்படுகிறது. பம்ப் கசிந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்து எஞ்சின் பேரிங்குகளையே கெடுத்துவிடும் என்பதால், செயின் கெடாமலே செயின் வேலைக்குரிய செலவை இந்த எஞ்சின் வைத்துவிடுகிறது. கூலன்ட் காரணமில்லாமல் குறைகிறது என்று தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

நிசானின் 4.0 லிட்டர் வி6, பாத்ஃபைண்டரிலும் எக்ஸ்டெராவிலும் 2005 முதல் 2010 வரை வந்தபோது, துணைச் செயின்களின் டென்ஷனர் முகத்தைச் செயினே அரித்துத் தின்றது. இதன் அறிகுறி கடகடப்பு அன்று; டர்போ ஊளையிடுவதைப் போல, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு மெல்லிய கீச்சொலி. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் அது காதில் விழாமல் போய்விடும். அதே பாத்ஃபைண்டரின் 2.5 லிட்டர் டீசலில் மேல் செயின் ஒற்றை வரிசையாக இருந்தது. அது நீள்வதும் அறுவதும் நடந்ததால், மாற்றும்போது இரட்டை வரிசைச் செயின் போடுவது வழக்கமானது. இரட்டை வரிசை போட்டதற்குச் சான்று இருந்தால் டீசலையே எடுக்கலாம்.

இங்கே பெல்ட்டுக்கு ஆதரவாகவும் ஒரு சொல். பிராடோவின் 3.0 லிட்டர் டீசலான 1கேடி எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது; 1,50,000 கி.மீ.யில் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த செலவு அது. குறை தெரிந்த ஒரு செயின் எஞ்சினை விட, நேற்று பெல்ட் மாற்றிய இந்த டீசல் எனக்கு நிம்மதி தருகிறது.

எந்த எஞ்சினானாலும், நேரில் பார்க்கப் போகும்போது தவறவிடக் கூடாதது குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட். இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் டென்ஷனரிலிருந்து ஆயில் இறங்கியிருக்கும். அழுத்தம் ஏறும்வரையான முதல் ஓரிரு நொடிகளில்தான் செயினின் தொய்வு ஒலியாக வெளிப்படும். விற்பவர் எஞ்சினை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் அந்த ஒலி கேட்காது. ஆகவே பானெட்டைத் திறந்து எஞ்சின் மீது கைவைத்துப் பாருங்கள். எஞ்சின் கணினியின் தரவைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் கூலன்ட் வெப்பநிலை வெளி வெப்பநிலையோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருவராகப் போவது நல்லது: ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் செயின் இருக்கும் பக்கத்தில் காதுகொடுத்து நிற்க வேண்டும். பின்பக்கச் செயின் என்றால் கேட்க வேண்டிய இடம் எஞ்சின் கியர்பாக்ஸோடு சேரும் முனை; எஞ்சின் நீளவாக்கில் இருந்தால் அது ஓட்டுநருக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரின் ஓரம். முன்னால் நின்றால் ஏமாந்துபோவோம். ஒரு நொடி மெல்லிய சலசலப்பு வந்து அடங்கினால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே விசாரிக்கலாம். சங்கிலியைத் தகரத்தில் உரசுவது போன்ற ஒலி சில நொடிகள் நீடித்தாலோ, எஞ்சின் சூடேறிய பிறகும் வந்தாலோ, அந்த வண்டியின் விலையில் முழுச் செயின் வேலையின் செலவையும் கழித்தே பேச வேண்டும்.

ஆனால் காலையில் வரும் ஒவ்வொரு கடகடப்பும் செயின் அன்று. 2012க்குப் பிந்தைய சில ஹோண்டா சிஆர்-வி வண்டிகளில் வால்வு நேரத்தை மாற்றும் ஆக்சுவேட்டரே முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று ஒலிக்கும், ஃபோர்டின் 5.4 லிட்டர் வி8 எஞ்சினில் அதே வேலையைச் செய்யும் கேம் ஃபேஸர் தட்டும். மலிவான ஆயில் ஃபில்டரில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு சரியில்லாவிட்டாலும் இதே ஒலி வரும். நல்ல ஃபில்டர் போட்டு மறுநாள் காலை மீண்டும் கேட்டால் அது தெரிந்துவிடும். விற்பவர் ஒரு நாள் அவகாசம் தர மறுப்பாரானால் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டிய பிழைக் குறியீடுகள் பி0016 முதல் பி0019 வரை. கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பதே அவற்றின் பொருள். ஜிஎம் எஞ்சின்களில் பி0008, பி0009 ஆகியவையும் சேரும். குறியீடு இல்லை என்பதால் செயின் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குறியீட்டை அழிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் மானிட்டர்கள் எல்லாம் முடிவடையாத நிலையில் இருந்தால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பல எஞ்சின்களில் கேம் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதை நேரலைத் தரவிலேயே படிக்கலாம். குறியீடு விழுவதற்கு வெகு முன்பே அந்த எண் நகரத் தொடங்கியிருக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் நல்லது. கறுத்த களி படிந்திருந்தால், சர்வீஸ் புத்தகத்தில் எத்தனை முத்திரைகள் இருந்தாலும் நம்ப வேண்டாம். தேய்ந்த கைடை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும்: செயினின் இரு பக்கத் தகடுகளும் இரண்டு ஆழமான கோடுகளாக பிளாஸ்டிக்கை அறுத்திருக்கும், ஓரம் பழுப்பேறி விரலால் அழுத்தினாலே பொரிந்து உதிரும். உதிர்ந்த துண்டுகள் ஆயில் தொட்டியில் உள்ள சல்லடையில் போய் அடைத்துக்கொள்வதால், கைடு உடைந்த எஞ்சினில் செயினை மட்டும் மாற்றித் தொட்டியைத் திறக்காமல் விட்டால், ஆயில் பற்றாக்குறையால் பேரிங் போகும்.

“செயின் மாற்றியாயிற்று” என்ற சொல்லுக்கு மதிப்பு பில்லில்தான் இருக்கிறது. செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்க புதிய போல்ட்டுகள் ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். தேய்ந்த பல்சக்கரத்தின் மீது புதுச் செயின் போட்டால் அதுவும் விரைவில் தேயும். செயின் மட்டும் எழுதப்பட்ட பில்லை நான் பாதி வேலையாகவே எடுத்துக்கொள்வேன்.

வண்டியை எடுத்துவிட்டால், முதல் வாரத்திலேயே தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்; பழைய ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளில் பிளாஸ்டிக் துகளோ உலோகப் பொடியோ இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் 25,000, 30,000 கி.மீ. என்று எழுதியிருந்தாலும், இங்கே குறை கூறப்பட்ட எஞ்சின்களில் 8,000 முதல் 10,000 கி.மீ.க்குள் மாற்றுவதே என் பரிந்துரை. கேம் விலகலின் அளவை வாங்கிய அன்றே குறித்துவைத்து, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதே வெப்பநிலையில், அதே ஐடிலில் எடுத்து ஒப்பிட்டுவாருங்கள். எண் தொடர்ந்து ஒரே திசையில் நகர்ந்தால், டைமிங் கவரைத் திறக்க நாள் குறித்துவிடலாம்.